தறிச் சத்தம் காதோடு நிற்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி முடிந்த கையோடு, எந்தப் பகுதியில் எத்தனை டெசிபல் சத்தம் பதிவானது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் அளவுகளைத் தங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. வீட்டில் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் அதை விடாமல் படிக்கிறோம். ஓரிரு இரவுச் சத்தத்தை இவ்வளவு அக்கறையோடு அளக்கும் நாம், ஆண்டில் ஏறக்குறைய 300 நாள், நாளொன்றுக்கு 12 மணி நேரம், அதைக் காட்டிலும் பெரிய இரைச்சலுக்குள் நின்று துணி நெய்கிறவர்களுக்காக எதையும் அளப்பதில்லை என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன். குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர், பல்லடம் என்று எங்கள் பக்கத்து ஊர்களிலும் மாநிலத்தின் பிற பகுதிகளிலுமாக 5 லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் ஓடுகின்றன.

நான் குமாரபாளையத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் 21 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். பிறந்தது தறிக் குடும்பம். என் தந்தை ஐம்பதைத் தாண்டியபோதே, பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தோளைத் தொட வேண்டும். என் அண்ணன் 30 ஆண்டுகளாகத் தறி ஓட்டுகிறார். தறி ஓட்டினால் காது மந்தமாகும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதாலேயே, சத்தத்தின் கேடு காதோடு முடிந்துவிடுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்தச் சத்தம் காதைத் தாண்டி உடலுக்குள் போய், சுரப்பிகளை முழு ஷிப்டும் விழிக்கவைத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தறிப்பட்டறைக்குள் நுழைந்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நாடாத் தறியில், ஊடை எனும் குறுக்கு நூல் வைத்த நாடாவை, அதாவது படகு போன்ற மரக்கட்டையை, மரக்கோல் ஒன்று ஒரு பெட்டியிலிருந்து அடித்து அனுப்புகிறது. பாவு எனும் நெடுக்கு நூல்களின் ஊடே பறந்து போகும் அந்த நாடா எதிர்ப் பெட்டியில் மோதி நிற்கிறது. உடனே அங்கிருந்து திருப்பி அடிக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 120 அடி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 12 மணி நேர ஷிப்டில் ஒரு தறி 86,400 முறை அடிக்கிறது. ஒருவர் 6 தறியைப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அந்த ஒரு நாளில் அவரைச் சுற்றி விழும் அடிகள் 5 லட்சத்தைத் தாண்டும். சிமெண்டு சுவரும் சிமெண்டு ஓடும் அந்தச் சத்தத்தை வெளியே விடாமல் திருப்பித் திருப்பி உள்ளேயே எறிகின்றன. பேச்சுக்கு அங்கே இடமில்லை. விரலைச் சுழற்றினால் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தது, நெஞ்சைத் தொட்டால் முதலாளி வருகிறார் என்று சைகையிலேயே எல்லாம் நடக்கும். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் நெசவுப் பெண்கள் இப்படித்தான் உதட்டை அகலமாக அசைத்துப் பேசப் பழகிக்கொண்டார்கள் என்று படித்தபோது, எங்கள் வீதியையே பார்த்தது போலிருந்தது.

நாடாத் தறிக்கூடங்களில் இரைச்சல் பொதுவாக 95 முதல் 105 டெசிபல் வரை இருக்கும். டெசிபல் கணக்கு மற்ற அளவுகளைப் போன்றதன்று. 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஒலியாற்றல் இருமடங்காகிறது. 10 கூடினால் பத்து மடங்காகிறது. நம் நாட்டின் தொழிற்சாலை மாதிரி விதிகளின்படி 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம். 95 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 2 மணி நேரம் மட்டுமே. நூறு டெசிபல் பட்டறையில் 12 மணி நேரம் நிற்பவர், நம் விதி அனுமதிப்பதைப் போல் 6 மடங்கை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் இன்னும் கடுமையாக, 85 டெசிபலுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்று பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கிடைப்பது 15 நிமிடம். காலை ஷிப்டின் முதல் தேநீர் வருவதற்குள் அன்றைய அளவு தீர்ந்துவிடும். மிச்சமுள்ள பொழுதெல்லாம் உடலின் கணக்கில் கடன்.

இனி உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். காதிலிருந்து புறப்படும் நரம்புச் செய்தி, இது என்ன ஓசை என்று பிரித்தறியும் மூளைப் பகுதிக்கு மட்டும் போவதில்லை. அச்சத்தையும் ஆபத்தையும் உணரும் பகுதிக்கும் ஒரு கிளை போகிறது. அங்கிருந்து மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸுக்கு எச்சரிக்கை போக, அது பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, பிட்யூட்டரி ரத்தத்தில் விடும் ஹார்மோன் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டிக் கார்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. இதற்கு முன்பாகவே, நரம்பு வழியே நேராகப் போன இன்னொரு செய்தியால் அதே சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் கொட்டிவிடும். இதயம் வேகமெடுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், கல்லீரல் சேமிப்பிலுள்ள சர்க்கரையை ரத்தத்தில் இறக்கும். புதருக்குள் ஏதோ சரசரத்தால் ஓடித் தப்புவதற்காக அமைந்த ஏற்பாடு இது. ஓடிய பிறகு அடங்கிவிட வேண்டும். தறிமேடையில் நிற்பவர் ஓடவும் முடியாது, சரசரப்பும் நிற்காது.

கார்டிசாலுக்கு ஒரு நாள்முறை உண்டு. விடியலில் ஏறி, கண்விழித்த அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல இறங்கி, நள்ளிரவையொட்டி மிகவும் தாழ்ந்திருக்கும். அதனால்தான் மருத்துவர் இந்தப் பரிசோதனையை எழுதினால் காலை 8 மணிக்கு ஒரு மாதிரியும் மாலை 4 மணிக்கு ஒரு மாதிரியும் எடுக்கிறோம். மாலை அளவு காலையைவிட நன்றாக இறங்கியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்த நெசவாளர் ஒருவர் என் எதிரில் கையை நீட்டி உட்கார்ந்தார். இமையில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. காதில் கழிவுப் பஞ்சை உருட்டி அடைத்திருந்தார். சீட்டில் காலை 8 மணி மாதிரி என்று எழுதியிருந்தது. அவர் உடலுக்கு அது எந்த வேளை என்று எனக்கே விளங்கவில்லை. பெயரை மூன்று முறை கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு வயதைச் சொன்னார்.

இதை நான் மனம்போன போக்கில் சொல்லவில்லை. 1996-இல் இஸ்ரேலில் மெலமெட் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவரும், 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் நெடுநாள் வேலை செய்துவந்த, நோயற்ற 35 தொழிலாளர்களின் சிறுநீரில் கார்டிசாலை அளந்தார்கள். வழக்கம்போல் காதைத் திறந்துவைத்து வேலை செய்த நாளில், வேலை முடியும் நேரத்திலும் கார்டிசால் உயர்ந்தே இருந்தது. அதே ஆட்கள் 7 நாள் காதுக்காப்பு அணிந்து வேலை செய்தபின் அளந்தபோது, மாலை அளவு குறைந்திருந்தது. களைப்பும், வேலைக்குப் பிறகான எரிச்சலும் குறைந்திருந்தன. வேலை அதே வேலை, கூலி அதே கூலி, முதலாளியும் அதே முதலாளி. மாறியது காதுக்குள் போன சத்தம் மட்டும். ஷிப்டு முடிந்து வீடு வந்த ஆண்கள் காரணமில்லாமல் தட்டைத் தூக்கி எறிவதையும் பிள்ளைகள் மேல் பாய்வதையும் பார்த்தே வளர்ந்தவள் நான். அவை எல்லாவற்றுக்கும் சத்தம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அந்த ஆய்வைப் படித்த அன்று, என் தந்தையைப் பற்றி நான் மனத்தில் வைத்திருந்த வழக்கில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இதைப் பேசப் போனால் எல்லோரிடமிருந்தும் வரும் பதில் ஒன்றுதான்: “பழகிப்போச்சுங்க.” என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், “காது போனா என்ன அம்மிணி, கை ஓடுதில்ல” என்பார். பழகிவிட்டது என்று மனம் சொல்லலாம். சுரப்பிகள் அதைக் கேட்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், எழுத்தர் வேலை பார்க்கும் பெண்கள் 40 பேரில் ஒரு பகுதியினரை, அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சும் தொலைபேசி ஒலியும் கலந்த மிதமான சத்தத்தில் 3 மணி நேரம் தட்டச்சு செய்ய வைத்தார்கள். தறியோடு ஒப்பிட்டால் அது சத்தமே இல்லை. மன அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டதற்கு, அமைதியான அறையில் இருந்தவர்களும் இவர்களும் ஒரே மாதிரிதான் பதில் சொன்னார்கள். ஆனால் சத்தத்தில் இருந்தவர்களின் சிறுநீரில் அட்ரினலின் கூடியிருந்தது. பிறகு கொடுத்த கடினமான புதிர்களை அவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். வாய் இல்லை என்கிறபோதும் உடல் ஆம் என்று எழுதிவைத்திருந்தது. சத்தம் உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று தொழிலாளியிடம் வாய்மொழியாகக் கேட்டு முடித்துவிடும் மருத்துவ முகாம்களை நடத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கார்டிசாலும் அட்ரினலினும் இப்படி நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே நின்றால் என்ன ஆகும் என்பது மருத்துவ நூல்களில் புதிய செய்தியன்று. ரத்த அழுத்தம் ஏறும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சர்க்கரை கூடும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். புண் ஆறத் தாமதமாகும். ஆழ்ந்த தூக்கம் கெடும். ஆழ்ந்த தூக்கத்தில்தான் உடலைப் பழுதுபார்க்கும் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது என்பதால், தூக்கம் கெட்டால் பழுதுபார்க்கும் வேலையும் கெடும். பணியிட இரைச்சலுக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாரடைப்பைப் பொறுத்தவரை, காது கேளாமைக்கு இருக்கும் அளவுக்கு உறுதியான சான்று இன்னும் சேரவில்லை; அதையும் சொல்லிவிடுவதே நேர்மை. எங்கள் நெசவாளர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறச் சத்தம் ஒன்றே காரணம் என்றும் நான் வாதிடவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, வாரம் மாறி வாரம் வரும் இரவு வேலை, பட்டறைச் சூடு, பீடி, முன்பணக் கடன் ஆகியவை எல்லாம் அதே உடலின் மேல்தான் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் இவற்றில் சத்தத்தின் பங்கை மட்டும் எவரும் ஒரு வரிகூட எழுதிவைப்பதில்லை. நாற்பது வயது நெசவாளர் ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதப்படுகிறது, உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், நடக்கச் சொல்கிறார்கள். நாள் முழுவதும் 6 தறிக்கு நடுவே நடப்பவரிடம் நடக்கச் சொல்லும் அந்தச் சீட்டில், அவர் எங்கே வேலை செய்கிறார் என்ற கேள்விக்கு இடமே இல்லை.

கருவுற்ற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தார் சுற்றுவதும் நூல் இழைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. பல இடங்களில் தார் மெஷின் தறிகளுக்கு அருகிலேயே இருக்கும். எட்டாம் மாதம் வரை அங்கேயே உட்கார்ந்து தார் சுற்றிய பெண்களின் ரத்தத்தை நான் எடுத்திருக்கிறேன். கருவிலுள்ள குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்குவது ஏறக்குறைய ஐந்து, ஆறாம் மாதத்தில். தாழ்ந்த சுருதியிலுள்ள முழக்கம் வயிற்றைத் தாண்டி உள்ளே போகும். ஸ்வீடனில் 1986 முதல் 2008 வரை பிறந்த 14 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இடத்தில் முழுநேரம் வேலை செய்த தாய்மாரின் குழந்தைகளுக்குச் செவித்திறன் குறைபாடு வரும் வாய்ப்பு, அமைதியான இடத்தில் வேலை செய்த தாய்மாரின் குழந்தைகளுக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 80 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தாய் காதை அடைத்துக்கொள்ளலாம். வயிற்றை எதைக்கொண்டு அடைப்பது? இதில் காதுக்காப்பு உதவாது. அந்த மாதங்களில் இடத்தை மாற்றித் தருவது ஒன்றே வழி. தார் மெஷினைச் சுவருக்கு அப்பால் வேறு அறைக்குக் கொண்டுபோவது எந்தப் பட்டறைக்கும் தாங்க முடியாத செலவன்று.

காதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு காதின் உள்ளும் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் ஏறக்குறைய 15,000 உள்ளன. அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் 1886-இல் கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைச் சோதித்தபோது, ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை என்று கண்டார். நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், இரைச்சலால் வரும் காது கேளாமை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருந்தது. அளவை மீறிய இரைச்சல் உள்ள இடத்தில் வேலைக்குச் சேர்ந்த 14 நாளுக்குள் செவித்திறன் பரிசோதனை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனை என்று மாதிரி விதிகள் சொல்கின்றன. இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் இந்தியாவில் முதன்முதலாக ஒருவருக்கு இதற்கான இழப்பீடு கிடைத்தது 1996-இல்தான் என்று 2008-இல் வெளியான ஓர் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரை சொல்கிறது. என் தந்தை அந்த ஆண்டுக்குள் தறியை விட்டே வந்துவிட்டார்.

சட்டம் இருந்தும் எங்கள் வீதிக்கு வராததற்குக் காரணம் எளிது. மின்விசையால் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் 1948 சட்டத்தின்படி அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 8 தறி, 12 தறி வைத்து, ஷிப்டுக்கு இரண்டு மூன்று பேரைக்கொண்டு ஓட்டும் பட்டறைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திவிட்டது. இரைச்சல் ஆளை எண்ணிவிட்டு அடிப்பதில்லை. நான்கு பேர் நிற்கும் பட்டறையிலும் அதே நூறு டெசிபல்தான். அதே பட்டறையின் சுவருக்கு வெளியே குடியிருக்கும் வீட்டுக்கு, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்ற வரம்பு இருக்கிறது. சுவருக்கு வெளியே தூங்குகிறவருக்குச் சட்டம் தந்திருக்கும் எழுத்தளவு பாதுகாப்பைக்கூடச் சுவருக்கு உள்ளே நிற்கிறவருக்குத் தரவில்லை.

இதற்காகப் பட்டறை வைத்திருப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவர்களில் பாதிப்பேர் தாங்களே தறியில் நிற்பவர்கள். கூலிக்கு நெய்து கொடுத்து, மீட்டருக்கு இத்தனை பைசா என்று வாங்கி, கடன் கட்டுகிறவர்கள். ஆகவே அவர்கள் தலையில் புதிதாக ஓர் ஆய்வாளரைக் கொண்டுவந்து நிறுத்துவதைக் காட்டிலும், அரசு ஏற்கெனவே அவர்கள் வாசலுக்கு வந்து போகும் வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 750 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தந்துவந்த தமிழ்நாடு அரசு, 2023-இல் அதை 1000 யூனிட்டாக உயர்த்தியது. அப்படியானால் எந்த வீதியில், எந்தக் கதவு எண்ணில் தறி ஓடுகிறது என்ற பட்டியல் அரசிடம் இருக்கிறது. தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் அடங்காத பட்டறைகூட அந்த மின் இணைப்புப் பட்டியலுக்குள் அடங்கும். மறுபுறம், 2021 முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடு தேடிப் பார்க்கப்படுகின்றன. இந்த இரண்டையும் இணைத்து, மின் இணைப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய், இரைச்சலை ஒருமுறை அளந்து, அங்கே வேலை செய்பவர்களின் செவித்திறனையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சேர்த்துப் பதிந்தால், இப்போது வெறும் அனுமானமாக இருப்பதெல்லாம் கணக்காகிவிடும். ரத்த அழுத்தம் எழுதும் அட்டையில் “என்ன வேலை, எத்தனை ஆண்டு, எவ்வளவு சத்தம்” என்று ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பதும் முடியாத காரியமன்று. தேய்ந்த பல்சக்கரம், நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கர் கிழிந்திருப்பது, நாடா வந்து மோதும் இடத்தில் இறுகிப்போன தோல், தளர்ந்த போல்ட் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சத்தத்தைக் கூட்டுகின்றன. தறியைப் பழுதுபார்க்கும் நல்ல பிட்டர் ஒருவர் காதாலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார். தறிக்கால்களின் கீழ் ரப்பர் கட்டை வைத்தால் தரைவழிப் பரவும் அதிர்வு அடங்கும். பழைய தறிகளை மேம்படுத்த அரசு மானியம் தரும்போது எத்தனை மீட்டர் கூடுதலாக நெய்யும் என்று மட்டுமே பார்க்கிறார்கள். எத்தனை டெசிபல் குறைந்தது என்பதையும் மானியத்துக்கு ஒரு நிபந்தனையாக வைக்கலாம்.

காதில் பஞ்சு அடைத்துக்கொள்வதால் பாதுகாப்பு என்று எங்கள் மக்கள் நம்புகிறார்கள். அது சில டெசிபலைத்தான் தடுக்கும். மெத்தென்ற நுரைத் தக்கையை விரலால் ஒல்லியாக உருட்டி, மறுகையால் காதின் மேல்நுனியைப் பின்னோக்கி மேலே இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால்தான் உண்மையான பலன் கிடைக்கும். வெறுமனே வாசலில் செருகி வைத்தால் பஞ்சுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. காதை அடைத்தால் நூல் அறுவதும் தறி கோளாறாவதும் தெரியாது என்று நெசவாளர்கள் சொல்லும் தடையை நான் ஒதுக்கித்தள்ள மாட்டேன். அவர்கள் காதை வைத்துத்தான் தறியைப் பிழைக்க வைக்கிறார்கள். காது நன்றாக இருப்பவருக்கு, பேரிரைச்சலின் நடுவே தக்கை எல்லா ஒலியையும் சேர்த்து இறக்குவதால், உண்மையில் தெளிவு குறைவதில்லை. சில நாளில் தறியின் மாறுபட்ட ஓசை பிடிபட்டுவிடும். ஏற்கெனவே காது மந்தமானவருக்குத்தான் தக்கை கூடுதல் சிரமம் தருகிறது. ஆகையால்தான் இது வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய பழக்கம் என்கிறேன்.

வெல்டிங் சாமான் விற்கும் கடையில் 20 ரூபாய்க்கு ஒரு ஜோடி நுரைத் தக்கை வாங்கி என் அண்ணனுக்குக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் திட்டினார். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே சொன்னார்: “ராத்திரி வந்து படுத்தா மண்டைக்குள்ள தறி ஓடறது கொஞ்சம் கொறஞ்சிருக்குது அம்மிணி.” இழந்த செவித்திறன் அவருக்குத் திரும்பப் போவதில்லை. ஆனால் படுத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்த தறி அடங்கத் தொடங்கியிருக்கிறது என்றால், உள்ளே விழித்துக்கொண்டிருந்த எதுவோ அடங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு அளவுகளை வெளியிடுவது போல், சாதாரண நாள் ஒன்றில், எங்கள் மாவட்டத்தின் நான்கைந்து தறிப்பட்டறைகளில், உரிமையாளர்களின் இசைவோடு, பெயர் போடாமல், இரைச்சலை அளந்து அந்த எண்ணை மட்டும் தங்கள் நாளிதழில் அச்சிட வேண்டும். எண்ணைப் பார்க்காமல் எங்கள் மக்களும் நம்ப மாட்டார்கள். அதிகாரிகளும் அசைய மாட்டார்கள்.

என் அண்ணன் மகன் அடுத்த மாதம் முதல் தறிக்குப் போகிறான். அவனைச் சென்ற வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்து வந்தோம். இரண்டு காதும் இயல்பு என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு இதே மாதம் எடுக்கப்போகும் தாளோடு ஒப்பிடுவதற்காக, என் அண்ணி அதை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பரிசோதனைக் கூடப் பணியாளர் ஒருவர்,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.